‘அம்மா, பார்!’: ஃபனானின் ஐந்தாம் அத்தியாயத்தை வாசிக்கும் முறை

காலனி ஆட்சி மனிதர்களில் விட்டுச்சென்ற தடங்களை ஆராயும் பின்காலனியச் சிந்தனையைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கலைச்சொற்களிலிருந்து தொடங்குகிறார்கள். ‘மற்றமை’, ‘அடையாளம்’, ‘கலப்புநிலை’ ஆகிய சொற்களுக்கு வரையறை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அந்த வரையறைகளுக்குப் பொருந்தும் மேற்கோள்களைத் தேடிப் போகிறார்கள். ஆய்வேடு முடிந்துவிடும், ஒரு மனிதனுக்கு அவனுடைய தோலே எப்படிச் சுமையாக்கப்பட்டது என்பது மட்டும் பிடிபடாமலே போய்விடும். நான் சொல்ல விரும்பும் வழி வேறு. மனநல மருத்துவரான ஃபிரான்ட்ஸ் ஃபனான் 1952-இல் வெளியிட்ட ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலின் ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய முப்பது பக்கங்கள்தான். அவற்றுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். இன அடையாளம் குறித்துப் பின்னர் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இந்த முப்பது பக்கங்களோடு பேசுகிறது அல்லது சண்டையிடுகிறது. ஆகவே இதைக் கருத்தூன்றி வாசித்தவருக்கு மற்ற நூல்கள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

வாசிப்பதற்கு முன்

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபனான் 1925 ஜூலை 20 அன்று கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில், ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் நகரில் பிறந்தார். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்த கரும்புத் தோட்டத் தீவு அது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் சர்க்கரை காய்ச்சிய அந்த மண்ணில் அடிமை முறை 1848-இல்தான் ஒழிந்தது. 1946-இல் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆக்கப்பட்டது. பண்டைய பிரான்சில் வாழ்ந்த கோல் குடியினரை ‘நம் மூதாதையர்’ என்று சொல்லிக்கொடுத்த பள்ளிப் பாடத்தை அங்கே கறுப்பினப் பிள்ளைகளும் ஒப்பித்தார்கள். கறுப்பர் என்றால் ஆப்பிரிக்காவில் இருப்பவர், நாம் பிரெஞ்சுக்காரர் என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கை. இரண்டாம் உலகப் போரில் ஃபனான் பிரான்சுக்காகத் தொண்டராகச் சேர்ந்து போரிட்டுக் காயம்பட்டுப் பதக்கமும் பெற்றார். அந்தப் படைக்குள்ளேயே மார்த்தினிக் உள்ளிட்ட அந்திலியத் தீவினர் ஐரோப்பியரோடும், ஆப்பிரிக்காவின் செனகல் வீரர்கள் அவர்களுக்குக் கீழாகவும் வகைப்படுத்தப்பட்டிருந்ததைக் கண்டார். பிறகு லியோன் நகரில் மருத்துவமும் மனநல மருத்துவமும் படித்தார். இந்த நூலைத்தான் அவர் தம் மருத்துவப் பட்ட ஆய்வாகக் கொடுக்க முயன்றார். அது ஏற்கப்படாமல் போகவே, நரம்பு நோய் ஒன்றைப் பற்றி வேறு ஆய்வேடு எழுதி 1951-இல் பட்டம் பெற்றார்.

இவ்வளவும் தெரிந்தால்தான் ஐந்தாம் அத்தியாயத்தின் அடி எங்கே விழுகிறது என்பது விளங்கும். தன்னைக் கறுப்பர் என்று எண்ணியே பார்த்திராத ஒருவர், தம்முடையது என்று நம்பிய நாட்டில், தெருவில் போகிறவர்களின் வாயால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

அடுத்து, தமிழ்ச் சொற்களைச் சற்று உரசிப் பாருங்கள். ‘இனம்’ என்ற சொல் நமக்கு மிகப் பழையது. அதன் பொருள் மிக அகலமானது. திருக்குறளின் ‘சிற்றினம் சேராமை’ அதிகாரத்தில் இனம் என்பது ஒருவர் சேரும் கூட்டம், தாமே தேர்ந்துகொள்ளும் சேர்க்கை. இன்று ‘தமிழினம்’ என்னும்போது மொழியாலும் வரலாற்றாலும் ஒன்றுபட்ட மக்கள். ஆட்டினம், மாட்டினம் என்றும் சொல்கிறோம். ஃபனான் பேசுகிற இனமோ, ஐரோப்பியக் குடியேற்ற ஆட்சி தோலின் நிறத்தை அளவுகோலாக வைத்து மனிதர்களை மேல் கீழாக அடுக்கியபோது பிறந்தது. அதில் சேர்வதும் விலகுவதும் உங்கள் கையில் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காவிட்டால், அவர் ஓர் இனத்தின் பெருமையைப் பேசுகிறார் என்று தவறாக வாசித்துவிடுவோம். ‘பிறன்’ என்ற சொல்லிலும் இப்படியொரு சிக்கல் உண்டு. நம் அற நூல்களில் பிறன் என்பவன் நம்மைப் போலவே வீடும் மனையும் உடைய அயலான். அவனை மதித்து நடக்க வேண்டும் என்பதே அறிவுரை. பின்காலனியச் சிந்தனையில் வரும் ‘பிறன்’ அந்தச் சம மதிப்பு பறிக்கப்பட்டவன். அதனால்தான் ‘மற்றமை’ என்ற பெயர்ச்சொல்லைவிட ‘மற்றவராக்குதல்’ என்ற வினை வடிவத்தை நான் விரும்புகிறேன். வினை என்றவுடன், செய்தது யார், எங்கே, எப்போது என்ற கேள்விகள் தொடர்ந்து வந்துவிடும்.

ஆங்கிலத்தின் வழியாக வாசிப்பவர்கள் எந்த மொழிபெயர்ப்பு தம் கையில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மூலத்தில் இந்த அத்தியாயத்தின் தலைப்பு ‘கறுப்பரின் வாழ்ந்துபட்ட அனுபவம்’ என்ற பொருள் தருவது. 1967-இல் வந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு அதைக் ‘கறுப்பு என்னும் உண்மை’ என்ற பொருள்படும்படி மாற்றிவிட்டது. ஒரு சொல்தான் மாறியது. ஆனால் அத்தியாயமே தலைகீழாகிவிட்டது. கறுப்பு என்பது உடலில் இருக்கும் ஓர் உண்மை அன்று, பார்வைகளுக்கு நடுவே ஒருவர் வாழ நேர்ந்த அனுபவம் என்று முப்பது பக்கம் வாதிடும் எழுத்தின் தலையில் ‘உண்மை’ என்று எழுதி ஒட்டியது போலாயிற்று. 2008-இல் வந்த மொழிபெயர்ப்பு இதைச் சரிசெய்தது. முடிந்தவரை அதையே பயன்படுத்துங்கள். பழையதுதான் கிடைத்தது என்றால், தலைப்பை அடித்துவிட்டுச் சரியான பொருளைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வாசியுங்கள்.

முதல் வாசிப்பு: வாய்விட்டு

ஃபனான் இந்த நூலைப் பேனா பிடித்து எழுதியதைவிட, அறையில் நடந்துகொண்டே வாயால் சொல்ல, பின்னாளில் அவருடைய மனைவியான ஜோசி எழுதிக்கொண்டதே அதிகம். அதனால் வாக்கியங்களில் மூச்சு இருக்கிறது. திடீரென்று அறுந்து, மறுபடி ஓடுகிறது. பதிப்பாசிரியர் ஒரு சொற்றொடருக்கு விளக்கம் கேட்டபோது, தம்மால் அதை விளக்க முடியாது என்றும், வாசகரை அறிவைத் தாண்டி உணர்ச்சியில், ஏறக்குறையப் புலன்களில் தொடவே விரும்புவதாகவும் அவர் மறுமொழி சொன்னார். ஆகவே முதல் முறை அடிக்கோடு இடாதீர்கள், குறிப்பு எடுக்காதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் உரக்க வாசியுங்கள்.

வாசிக்கும்போது இரண்டு இடங்களில் நின்றுவிடுங்கள். முதலாவது, சிகரெட் பெட்டி. புகைக்க வேண்டுமென்றால் வலக்கையை நீட்டி மேசையின் மறுகோடியில் இருக்கும் பெட்டியை எடுக்க வேண்டும், தீப்பெட்டி இடப்பக்க இழுப்பறையில் இருக்கிறது, சற்றுப் பின்னால் சாய வேண்டும் என்று அவர் எழுதுகிறார். மிகச் சாதாரணமான செய்தி. நாம் எல்லோரும் நம் உடலை இப்படித்தான் வைத்திருக்கிறோம். யோசிக்காமலே கை எங்கே போக வேண்டுமோ அங்கே போகிறது. உடலுக்கும் உலகுக்கும் இடையிலான இந்த உள்ளார்ந்த அறிவை ஃபனான் உடற்சட்டகம் என்கிறார். இந்த இடத்தைத் தாண்டிப் போக விடாதீர்கள், ஏனெனில் அடுத்து வரும் காட்சியில் உடைபடுவது இதுதான். நீங்களே ஒரு மேசை முன் உட்கார்ந்து, அப்படி ஒரு பொருளை எடுத்துப் பாருங்கள். பிறகு, யாரோ முகம் சுளித்தபடி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு அதே பொருளை மறுபடி எடுத்துப் பாருங்கள். கை கனப்பது தெரியும்.

இரண்டாவது, அந்தக் குழந்தை. வெள்ளைக் குழந்தை ஒன்று அவரைப் பார்த்து ‘அம்மா, பார், ஒரு நீக்ரோ, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று கத்துகிறது. குளிர்காலம், அவர் குளிரில் நடுங்குகிறார்; அவர் கோபத்தில் நடுங்குகிறார் என்று எண்ணிக் குழந்தையும் நடுங்கித் தாயின் கைகளுக்குள் பாய்கிறது. இந்தக் காட்சியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் குழந்தையின் சொற்களிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் தாயின் சொற்களை இன்னும் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். ‘பொருட்படுத்தாதீர்கள் ஐயா, நீங்களும் எங்களைப் போலவே நாகரிகமானவர் என்று அவனுக்குத் தெரியாது’ என்கிறாள் அவள். மரியாதையான பேச்சு, மன்னிப்பும் கூட. ஆனால் ‘எங்களைப் போலவே’ என்ற சொல் அளவுகோலைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது. குழந்தையின் அச்சம் ஒருநாள் தெளியலாம். தாயின் பெருந்தன்மையிலிருந்து விடுபடுவது அதைவிடக் கடினம்.

இதே பகுதியில், இரயிலில் மற்றவர்கள் அவருக்கு ஓர் இருக்கைக்குப் பதில் இரண்டு மூன்று இருக்கைகளை விட்டு ஒதுங்கியதைச் சொல்கிறார். தம் உடலுக்கும், தம் இனத்துக்கும், தம் மூதாதையருக்கும் ஒரே நேரத்தில் பொறுப்பாக்கப்பட்டதாக எழுதுகிறார். கண்முன் வந்து குவிவது என்ன என்று பட்டியல் போடும்போது, மனிதரைத் தின்னும் வழக்கம், அடிமைக் கப்பல், எல்லாவற்றுக்கும் மேலாக ‘பனானியா’ என்று முடிக்கிறார். அதையும் விளங்கிக்கொள்ளுங்கள். பனானியா என்பது வாழைப்பழ மாவும் கோகோவும் கலந்த காலை உணவுப் பானம். 1915-இலிருந்து அதன் டப்பாவில் சிவப்புத் தொப்பி அணிந்த செனகல் வீரர் ஒருவர் கையில் கரண்டியோடு பல் தெரியச் சிரிப்பார். கீழே அரைகுறைப் பிரெஞ்சில் ஒரு வாசகம் இருக்கும். பிரான்சுக்காக உயிரைக் கொடுத்த படைவீரரின் முகம், வீட்டுக்கு வீடு சமையலறையில் பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு வேடிக்கைப் படமாயிற்று. அவரைப் பார்த்துக் கத்திய குழந்தை கறுப்பரைப் பற்றிய அறிவை வேறு எங்கிருந்து பெற்றிருக்கும்?

‘நீக்ரோ’ என்ற சொல்லைத் தமிழில் மென்மைப்படுத்தி எல்லா இடத்திலும் ‘கறுப்பர்’ என்று மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. மூலத்தில் ஃபனான் இரண்டு சொற்களைக் கையாள்கிறார். ஒன்றில் இழிவு ஏறியிருக்கிறது, மற்றதில் அவ்வளவு இல்லை. நாம் இரண்டையும் ஒன்றாக்கினால் அடித்த கையின் தடம் அழிந்துவிடும்.

இரண்டாம் வாசிப்பு: கதவுகளை எண்ணுதல்

ஒரு வாரம் கழித்து, இப்போது பென்சிலோடு வாருங்கள். இந்த அத்தியாயம் ஒரு மனிதர் வெளியேறும் வழி தேடி ஒவ்வொரு கதவாகத் தட்டுவது போல அமைந்திருக்கிறது. ஒவ்வொரு கதவும் எங்கே திறக்கிறது, யார் அதை மூடுகிறார்கள் என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கதவு பகுத்தறிவு. மனிதர் எல்லோரும் ஒன்றே என்று அறிவியலே ஒப்புக்கொண்டது. ஆனாலும் தெருவில் எதுவும் மாறவில்லை, தாம் உள்ளே போனால் பகுத்தறிவு வெளியே போய்விடுகிறது என்கிறார். இரண்டாவது, அதற்கு எதிர்ப்பக்கம்: தாளம், மண், மந்திரம், உணர்ச்சி. செனகல் கவிஞர் செங்கோரும் மார்த்தினிக் கவிஞர் எமே செசேரும் முன்னெடுத்த, கறுப்பின அடையாளத்தைப் பெருமையாக ஏற்கும் கறுப்பியம் இது. செசேரின் நெடுங்கவிதை 1939-இல் வந்தது. வெள்ளையர் இதையும் புன்னகையோடு வரவேற்று, ‘இது எங்கள் பழைய குழந்தைப் பருவம், களைப்பாறும்போது உங்களிடம் வருகிறோம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவது, பழம்பெருமை: ஆப்பிரிக்காவின் பெருநகரங்களையும் அரசுகளையும் தோண்டியெடுத்துக் காட்டுவது. அதுவும் போதவில்லை.

நான்காவது கதவை மூடியவர் நண்பர். 1948-இல் செங்கோர் தொகுத்த கவிதைத் தொகுப்புக்கு பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-போல் சார்த்தர் எழுதிய முன்னுரை, கறுப்பியத்தைப் புகழ்ந்துவிட்டு, அது இயங்கியலில், அதாவது எதிரெதிர்க் கட்டங்கள் மோதி முன்னேறும் வரலாற்று ஓட்டத்தில், கடந்துபோக வேண்டிய ஒரு வலுக்குறைந்த கட்டம் மட்டுமே, இறுதி இலக்கு இனமற்ற சமூகம் என்று முடிவு கட்டியது. ஃபனானும் அப்படியொரு சமூகத்தைத்தான் விரும்பினார். கறுப்பியத்தை அவரே முழுமையாக ஏற்றவர் அல்லர். ஆனாலும் இந்த இடத்தில் அவருடைய குரல் உடைகிறது. தம் கடைசி வாய்ப்பும் பறிக்கப்பட்டதாக எழுதுகிறார். ஏன்? இந்த ஒரு கேள்வியோடு இரண்டு நாள் இருங்கள். என் வாசிப்பில் விடை இது: உண்மையாகவே இருந்தாலும், ஒருவர் நடந்து சென்று அடைய வேண்டிய இடத்தை இன்னொருவர் வரைபடத்தில் முன்பே குறித்துக் கொடுத்துவிட்டால், நடப்பவரிடம் அவருடைய நடைகூட மிஞ்சுவதில்லை. கட்சி நடத்துபவர்களும், பேராசிரியர்களும், பிறருடைய விடுதலைக்கு ஆதரவாக எழுதுபவர்களும் சார்த்தரின் இடத்தில் தங்களை வைத்து இந்தப் பக்கங்களை வாசிக்க வேண்டும் என்று நான் மனமார வேண்டுகிறேன்.

அத்தியாயம் தீர்வோடு முடியவில்லை. போரில் ஊனமுற்ற ஒருவர், நான் என் ஊனத்துக்குப் பழகியது போல நீயும் உன் நிறத்துக்குப் பழகிக்கொள் என்கிறார், ஃபனான் மறுக்கிறார், அழுகையில் முடிகிறது. உடனே நூலின் கடைசி அத்தியாயத்துக்குத் தாவி ஆறுதல் தேடாதீர்கள்.

அங்கிருந்து எங்கே போவது

முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். அது மொழியைப் பற்றியது. அந்திலியத் தீவினர் ‘ர’ ஒலியை விழுங்குவார்கள் என்ற பேச்சுக்கு அஞ்சி, அதை உருட்டி உருட்டிப் பழகிய ஒருவர், லெ ஆவர் துறைமுகத்தில் இறங்கியதும் உணவகத்துக்குள் நுழைந்து ‘கார்ர்ர்சோன்’ என்று பணியாளரை முழங்கி அழைக்கிறார். ஆனால் அடுத்துக் கேட்ட ஒரு கோப்பை பியருக்கு ‘ர’ மிஞ்சவில்லை; ‘அன் வே த பியே’ என்றே வாயில் வந்துவிடுகிறது. மற்றவராக்குதல் தொண்டைக்குள் இறங்கி வேலை செய்வதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. ஆறாம் அத்தியாயத்தின் அடிக்குறிப்பு ஒன்றையும் தவறவிடாதீர்கள்: டார்சன் படத்தை அந்திலியத் தீவில் பார்க்கும் கறுப்பினச் சிறுவன் டார்சனாகத் தன்னை எண்ணி மகிழ்கிறான், அதே படத்தை ஐரோப்பிய அரங்கில் பார்க்கும்போது, சுற்றியிருப்பவர்களின் கண்கள் அவனைத் திரையிலுள்ள காட்டுவாசிகளோடு சேர்த்துவிடுகின்றன.

நான்காம் அத்தியாயம் ஒரு வாசிப்பு முறையையே கற்றுத்தருகிறது. பிரான்சின் ஆட்சியில் இருந்த மடகாஸ்கரில் 1947-இல் எழுந்த கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. அங்கிருந்த பிரெஞ்சு உளவியலாளர் மன்னோனி, அத்தீவின் மலகாசி மக்களிடம் இயல்பாகவே சார்ந்திருக்கும் மனப்பான்மை உண்டென்று 1950-இல் எழுதினார்; சிறுவர்களின் கனவில் வந்த கறுப்புக் காளையையும் துப்பாக்கியையும் பாலியல் குறியீடுகளாக விளக்கினார். ஃபனான் அந்தக் கனவுகளை 1947-க்குள் கொண்டுபோய் வைத்து, கனவில் வரும் செனகல் வீரரின் துப்பாக்கி வேறொன்றும் அன்று, மெய்யாகவே 1916 வகை லெபெல் துப்பாக்கி என்று எழுதினார். குறியீடு தேடும் முன் அந்த ஆண்டில் அந்த ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

துணை வாசிப்பாக ஒன்றே ஒன்று: அமெரிக்கச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1903-இல் எழுதிய நூலின் முதல் அத்தியாயம். பள்ளியில் பிள்ளைகள் பெயர் அட்டைகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். புதிதாக வந்த சிறுமி ஒருத்தி அவருடைய அட்டையை ஒரு பார்வையாலேயே மறுத்துவிடுகிறாள். ஃபனானிடம் கத்தல், டு பாய்சிடம் மௌனம். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

சண்டையிட வேண்டிய இடமும் உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில், வெள்ளை ஆணை விரும்பும் மார்த்தினிக் பெண்ணை மயோத் கப்பேசியாவின் எழுத்தை வைத்து அவர் கடுமையாகத் தீர்ப்பிடுகிறார். மூன்றாம் அத்தியாயத்தில், வெள்ளைப் பெண்ணை விரும்பும் கறுப்பின ஆணுக்கோ ஒரு நோயாளிக்குரிய பரிவு கிடைக்கிறது. பெண்ணிய வாசகர்கள் இதை நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள்; அவர்கள் சொல்வது சரி. ஃபனானை நேசிப்பவர்கள் இந்த இடத்தை மூடி மறைக்கக் கூடாது.

தமிழில் வாசிப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. இனத்தின் இடத்தில் சாதியை வைத்து வாசிக்கும் ஆசை உடனே எழும். அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு உண்டு; அம்பேத்கரே 1946-இல் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் ஃபனானின் வாதம் முழுவதும், தோல் கேட்காமலே கண்ணில் படுகிறது என்பதன்மேல் நிற்கிறது. சாதியை அறிய நம் ஊரில் பெயர் கேட்கிறார்கள், ஊர் கேட்கிறார்கள், அதற்கும் பிடிபடாவிட்டால் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். கேள்வியால் நடப்பதற்கும் பார்வையால் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். அதோடு, அடிமை முறை ஒழிந்த பின் 1853 முதல் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக்குக் கொண்டுபோகப்பட்ட 25,000-க்கும் மேற்பட்ட இந்தியரில் தமிழர் பலர் இருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். செசேர் பிறந்த பாஸ்-புவேந்த் பகுதியிலும் அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். விடுதலை பெற்ற கறுப்பினத்தவராலும் ‘கூலி’ என்று இகழப்பட்டவர்கள் அவர்கள். வெள்ளை, கறுப்பு என்ற இரண்டுக்குள் நிற்கும் அந்த இரயில் பெட்டியில் இவர்கள் எந்த இருக்கையில் இருந்திருப்பார்கள்?

கடைசியாக, நூலை மூடிவிட்டு ஃபனானின் அடுத்த பணியிடத்துக்குப் போங்கள். 1953-இல் அவர் அல்ஜீரியாவின் பிலிடா மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அவருடைய பிரிவில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். கூட்டம், விழா, இதழ், கைவேலை என்று அவர் கொண்டுவந்த சிகிச்சை முறை பெண்களிடம் பலன் தந்தது. ஆண்களிடம் படுதோல்வி அடைந்தது. தோல்விக்கான காரணத்தை அவரும் உடன் பணியாற்றிய மருத்துவர் அசூலேயும் 1954-இல் ஒரு கட்டுரையாகவே எழுதி வெளியிட்டார்கள்: அந்த மனிதர்களின் வாழ்க்கையை அறிய முயலாமல், ஐரோப்பிய முறையை அப்படியே அவர்கள்மேல் சுமத்தியிருந்தார்கள். இரயிலில் பார்க்கப்பட்டவர் இங்கே பார்க்கிறவராக இருந்தார். பிறகு மருத்துவமனைக்குள் ஒரு காப்பிக்கடை வந்தது, முஸ்லிம் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லி ஒருவர் வரவழைக்கப்பட்டார். பெண்களின் வேலை என்று கூடை பின்ன மறுத்திருந்தவர்கள், நிலமும் மண்வெட்டியும் கொடுத்தபோது இறங்கிக் கொத்தத் தொடங்கினார்கள்.